காரைநகரை விலக்கிப் பறக்கும் ரொக்கெட்

தேசப்படத்தை விரித்து, ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அடிமட்டத்தை வையுங்கள். நேர் தெற்கே, ஒரு எட்டுப் பாகை மேற்குச் சாய்வாக ஒரு கோடு கீறுங்கள். கோடு முதலில் சென்னைக்கு மேலால் போகும். பிறகு தமிழகத்தின் கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, நாகப்பட்டினத்தைத் தாண்டிப் பாக்கு நீரிணைக்குள் வரும். அங்கே அது கடப்பது யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் நெடுந்தீவுக்கும் பக்கத்துக் கடல்.

பூமியை வடக்குத் தெற்காகச் சுற்றிப் படமெடுக்கும் செய்மதிகளுக்கு அந்தக் கோடுதான் குறுக்குவழி. கீழே பூமி சுழல, மேலே செய்மதி துருவத்துக்குத் துருவம் ஓட, சில நாட்களில் உலகம் முழுவதும் கமெராவுக்குள் வந்துவிடும். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. முதல் தடவை கிளம்பியது 1993 இல். ஆனால் இத்தனை வருடத்தில் அது அந்தக் குறுக்குவழியால் வந்ததே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் எழும்பியதும் தென்கிழக்கே, ஏறத்தாழ 140 பாகைத் திசையில், நடுக்கடலை நோக்கிப் பாயும். இலங்கைக்கு ஆபத்தில்லாத தூரம் போன பிறகுதான் தெற்குப் பக்கம் முறிக்கும். பொறியியலாளர்கள் இந்த முறிப்பை ‘டோக் லெக்’ என்பார்கள். அதற்கு எரியும் எரிபொருளுக்கு ஈடாக, ஏற்றிப் போகக்கூடிய செய்மதியின் பாரம் குறைந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், இந்திய விண்வெளிக் கணக்குப் புத்தகத்தில் இலங்கைத் தீவு ஒரு செலவுத் தலைப்பு.

இதற்கு அரசியல் காரணம் தேட எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. வலந்தலைச் சந்தித் தேநீர்க்கடையில் அரை மணி நேரம் போதும். உண்மைக் காரணம் அதைவிட எளிது. ரொக்கெட் தன் உடம்பைக் கட்டம் கட்டமாகக் கழற்றி எறிந்துகொண்டே போகிறது. பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் கழலும்போது அதன் வேகம் செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர் அளவில் இருக்கும். அந்த வேகத்தில் விடுபட்ட கூடு சில நூறு கிலோமீற்றர் போய்த்தான் விழும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து காரைநகர் ஏறத்தாழ 440 கிலோமீற்றர். இரண்டாம் கட்டம் இன்னும் வேகத்தில் கழன்று, இன்னும் தூரத்தில் விழும். கழன்ற பிறகு அந்தக் கூட்டுக்கு எஞ்சினும் இல்லை, சுக்கானும் இல்லை. கழன்ற கணத்தில் எந்த வேகம், எந்தத் திசை. அதற்கு மேல் பூமி இழுக்கும் இழுவை. எங்கே விழும் என்பதைப் பெரும்பாலும் இவைதான் தீர்மானிக்கின்றன. ஊருக்கு மேல் விழாமல் பார்க்க வேண்டுமென்றால் திசையை முதலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச்சவீட்டில் ஒரு பீரங்கி

கோள் ஒன்றின் அருகே ஒரு பொருளின் பாதையை விளக்க, நியூற்றன் கற்பனையில் ஒரு மலையுச்சிக்குப் பீரங்கியை ஏற்றினார். தீவுப்பகுதியில் மலைக்கு எங்கே போவது? பீரங்கிக்கு வேண்டுமானால் கடற்கோட்டை இருக்கிறது: காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. அந்தக் காலத்துப் பீரங்கி ஒன்றை இழுத்துவந்து, காரைநகர்க் கோவளம் வெளிச்சவீட்டின் உச்சியில் தென்மேற்கு பார்த்து வைப்போம். கடல்மட்டத்திலிருந்து உயரம் 30 மீற்றர் என்று கொள்வோம். காற்றை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

உச்சியிலிருந்து குண்டைச் சும்மா கைநழுவ விட்டால் கீழே வர ஏறத்தாழ இரண்டரைச் செக்கன் எடுக்கும். கிடையாகச் சுட்டாலும் அதே இரண்டரைச் செக்கன்தான். பலர் நம்ப மறுக்கும் இடம் இது. பக்கவாட்டு வேகம் விழுவதைத் தாமதப்படுத்துவதில்லை. விழும் இடத்தை மட்டும் தள்ளிவைக்கிறது. செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் சுட்டால் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கடலில் விழும். இரண்டாயிரம் மீற்றரில் சுட்டால் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால்.

இப்போது செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் சுடுவோம். இரண்டரைச் செக்கனில் குண்டு எழுவைதீவையும் அனலைதீவையும் தாண்டி இருபது கிலோமீற்றர் ஓடி, நயினாதீவுப் பக்கம் நிற்கும். அதற்குள் அது 30 மீற்றர் விழுந்தும் இருக்கும். கணக்குப்படி கடலைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் பூமி உருண்டை. காரைநகரில் நின்று கிடையாக ஒரு கயிறு பிடித்தால், இருபது கிலோமீற்றருக்கு அப்பால் கடல் அந்தக் கயிற்றைவிட்டு 30 மீற்றர் கூடுதலாக இறங்கிப் போயிருக்கும். கடலோடிகளுக்கு இது புதினமில்லை: கரையைவிட்டு விலக விலக முதலில் வள்ளங்கள் மறையும், பிறகு இறங்குதுறை, கோபுரம் கடைசியில்தான். குண்டு 30 மீற்றர் விழ, கடலும் 30 மீற்றர் விலக, உயரம் மாறவே இல்லை. அடுத்த இரண்டரைச் செக்கனிலும் அப்படியே. பூமி சுழலாமல் நின்றால் 84 நிமிடத்தில் குண்டு உலகைச் சுற்றிவந்து, எங்கள் பீரங்கியைப் பின்பக்கத்தால் இடிக்கும்.

செய்மதி என்பது இதுதான். அது மிதப்பதில்லை. ஓயாமல் விழுகிறது, நிலத்தைத் தவறவிட்டுக்கொண்டே விழுகிறது.

விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்று இன்னமும் படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கிலோமீற்றர் உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 88 சதவீதம் அப்படியே இருக்கிறது. இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் போய்த் தொலைந்திருக்கும். வீரர்கள் மிதப்பது அவர்களும் நிலையமும் ஒன்றாக விழுவதால்.

உயரத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. ஒரு கிலோகிராம் பொருளை 400 கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கி வைக்க ஒரு பங்கு சக்தி என்றால், அங்கே அதைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் பக்கவாட்டு வேகத்தைக் கொடுக்க எட்டுப் பங்கு வேண்டும். தொலைக்காட்சியில் ரொக்கெட் செங்குத்தாக எழும்புவதைத்தான் காட்டுகிறார்கள். உண்மையான வேலை அது சரிந்து, கமெராவுக்கு எட்டாத தூரம் போன பிறகுதான் நடக்கிறது.

நாலு வேகம், நாலு விதி

7.9 என்பது தரையோடு தரையாக வட்டமடிக்கும் வேகம். அதற்குக் குறைந்தால் பாதை எங்கோ நிலத்தில் முட்டும். அதைவிடச் சற்றுக் கூட்டினால் வட்டம் நீள்வட்டமாகும். குண்டு பூமியின் மறுபக்கத்தில் உயரமாகப் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும். கூட்டக் கூட்ட அந்த மறுமுனை தள்ளித் தள்ளிப் போகும். செக்கனுக்கு 11.2 கிலோமீற்றரில் மறுமுனை என்பதே இல்லாமல் போகிறது, பொருள் திரும்பாது. உயர்தர மாணவர்கள் இதை வர்க்கமூலம் இரண்டு மடங்கு என்று ஒரே வரியில் எழுதிப் புள்ளி வாங்கிவிடுவார்கள். அந்த வரியின் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க ரியூசன் வகுப்பில் நேரம் இருப்பதில்லை: பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பூமியிடமிருந்து பிரித்துவிட வேகத்தில் 41 சதவீதம் கூட்டினால் போதும். பாரம் கணக்கிலேயே வராது. ஒரு தேங்காய்க்கும் ஒரு விண்வெளி நிலையத்துக்கும் அதே வேகம், அதே பாதை.

மற்றக் கோள்களுக்கும் இதே சட்டந்தான், எண்கள் மட்டும் மாறும். 2014 செப்டெம்பர் 24 ஆம் திகதி இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது அதன் வேகம் செவ்வாய் பிடித்துவைக்கக்கூடிய அளவைவிட அதிகம். அப்படியே விட்டிருந்தால் ஒரு வளைவு வளைந்து மறுபக்கத்தால் வெளியேறியிருக்கும். ஏறத்தாழ 23 நிமிடம் எஞ்சினை எதிர்ப்பக்கம் எரித்து, செக்கனுக்கு 1.1 கிலோமீற்றர் அளவு வேகத்தைக் குறைத்தார்கள். செவ்வாய் பிடித்துக்கொண்டது.

தூரம் கூடினால் வட்டப்பாதை வேகம் குறையும். விண்வெளி நிலையம் செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர்; உலகைச் சுற்ற ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. 35,786 கிலோமீற்றர் உயரத்தில் 3.1 கிலோமீற்றர்; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். 3,84,400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சந்திரனுக்கு வெறும் ஒரு கிலோமீற்றர்தான். நடுவில் சொன்ன உயரத்தில், மத்திய கோட்டுக்கு நேர் மேலே நிறுத்தப்பட்ட செய்மதி பூமி சுழலும் அதே கதியில் ஓடுவதால் வானத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். காரைநகர் வீட்டுக் கூரைகளில் டிஷ் அன்ரெனா ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு இருப்பது அதனால்தான். அப்படி மூன்று செய்மதிகளால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று 1945 இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னர் 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

திரும்புவதற்கு விலை

வேகத்துக்கு அளவு மட்டுமல்ல, திசையும் உண்டு. பி.எஸ்.எல்.வி.யின் தலையிடி இதில்தான் இருக்கிறது. வீதியில் வாகனம் திரும்பும்போது தார் வீதி சில்லுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. வெற்றிடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. திரும்ப வேண்டுமென்றால், வேண்டாத திசையிலுள்ள வேகத்தை எஞ்சினை எரித்தே அழிக்க வேண்டும், வேண்டிய திசையில் எரித்தே உண்டாக்க வேண்டும்.

செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது 30 பாகை திரும்ப, ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கான எரிபொருள் செலவாகும். அதே 30 பாகையை 7.5 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால் செலவு ஏறத்தாழ நாலு கிலோமீற்றர் வேகத்துக்கானது. சுற்றுப்பாதை வேகத்தில் பாதிக்கு மேல். ஆகவே முந்தித் திரும்பினால் மலிவு. முந்தித் திரும்பினால் இலங்கை குறுக்கே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த ரொக்கெட்டின் பாதை இழுபடுகிறது.

கிழக்கே ஏவும் ரொக்கெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் பூமியின் சுழற்சியே செக்கனுக்கு 450 மீற்றர் அளவு வேகத்தை இலவசமாகக் கொடுத்துவிடும். துருவப் பாதைக்குப் போகிறவர்களுக்கு இலவசமும் இல்லை. மேலதிகமாக எங்களைச் சுற்றிப் போகும் செலவு வேறு.

பெரிய ரொக்கெட் இதைத் தாங்கும். சின்ன ரொக்கெட்டுக்குக் கட்டுபடியாகாது. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறு ரொக்கெட்டுக்காகத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளம் கட்டுவது இதற்காகத்தான். 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் அந்தாட்டிக்கா வரை கடல்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது.

அந்த எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம், வேகத்தில் சிறு குறை என்ன செய்யும் என்பதற்கு நான் அறிந்த மிகத் துல்லியமான பாடம். 2022 ஓகஸ்ட் 7. இந்தியா முழுவதிலுமிருந்து 750 பள்ளி மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசற் என்ற குட்டிச் செய்மதியும் அதில் இருந்தது. 356 கிலோமீற்றர் உயரத்தில் வட்டப்பாதை என்பது திட்டம். இரண்டாம் கட்டம் கழலும்போது ஏற்பட்ட அதிர்வைக் கணினி உணர்கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, வேறு வழிமுறைக்கு மாறிவிட்டது. செய்மதிகள் 356 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்ச் சேரவும் செய்தன. வேகம் மட்டும் செக்கனுக்கு நூறு மீற்றரிலும் குறைவான அளவில் போதாமல் போனது. சதவீதத்தில் சொன்னால் ஏறத்தாழ ஒன்று.

அந்த ஒரு சதவீதக் குறை, விட்ட இடத்தில் தெரியவில்லை. பூமியின் மறுபக்கத்தில், முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது. 356 கிலோமீற்றரில் இருக்க வேண்டிய பாதை அங்கே 76 கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டது. அந்த உயரத்தில் காற்று இருக்கிறது. அந்த வேகத்தில் வரும் எதையும் அது விட்டுவைக்காது. பள்ளிப் பிள்ளைகளின் செய்மதி ஒரு சுற்றுகூட ஒழுங்காகச் சுற்றவில்லை. அடுத்த பயணத்தில், 2023 பெப்ரவரி 10 இல், அதன் இரண்டாம் பதிப்பு சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இலங்கைக் கடலில் விழுந்த ஒன்று

எங்கள் தீவைத் தவிர்க்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். யாரும் ஏவாத திசையிலிருந்து வந்த ஒன்று 2015 இல் எங்கள் கடலிலேயே விழுந்தது.

அந்த வருடம் ஒக்ரோபர் 3 இல் அமெரிக்காவின் கற்றலீனா வான்கணிப்புக் குழு ஒரு சிறு பொருளைக் கண்டது. டபிள்யூ.ரி. 1190 எஃப் என்று பெயரிட்டார்கள். ஒன்றிரண்டு மீற்றர் பருமன், உள்ளே வெறுமையான கூடு. மூன்று கிழமைக்குச் சற்று மேலாக எடுத்து ஒரு சுற்று, சந்திரனையும் தாண்டிப் போய்வரும் மிக நீண்ட நீள்வட்டம். பழைய கணிப்புகளைப் புரட்டியபோது 2013 இலும் அது கண்ணில் பட்டிருந்தது. 1998 இல் சந்திரனுக்குப் போன நாசாவின் லூனர் புரொஸ்பெக்டரைத் தள்ளிவிட்ட உந்துப்பகுதி அது என்பதே வலுவான கருத்து.

எப்போது, எங்கே விழும் என்று சில கிழமைகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்: நவம்பர் 13, முற்பகல் 11.48 அளவில், இலங்கையின் தென்கரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தள்ளி. எந்தக் கணத்தில் எந்த இடத்தில் என்ன வேகம் என்று தெரிந்தால் மீதி முழுவதும் கணக்கு. தென்கரையில் மீன்பிடித் தொழிலுக்கும் விமானப் பறப்புக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆராய்ச்சியாளர்கள் விமானமொன்றில் ஏறி முகிலுக்கு மேலே காத்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்து, பட்டப்பகலில் எரிந்து உடைந்தது.

வளிமண்டலத்தோடு மோதிய வேகம் செக்கனுக்கு 10.6 கிலோமீற்றர். 11.2 க்கு எவ்வளவு கிட்ட என்று பாருங்கள். காற்றும் பூமியோடு சேர்ந்து அதே பக்கமாகச் சுழல்வதால் அரைக் கிலோமீற்றர் கழிந்தும் இவ்வளவு. சந்திரனைத் தாண்டிப் போய் வருகிற பொருள் ஏறத்தாழ விடுதலை வேகத்தில்தான் திரும்பி வரும். ஆனால் பாதையின் தொலைமுனையில் அது பயணிகள் விமானத்தைவிட மெதுவாக ஊர்ந்திருக்கும். வேகம் அவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் சந்திரனும் சூரியனும் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தாலே போதும். அங்கே வேகத்தில் சில மீற்றர் மாறினால், கிட்டமுனை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஏறும் அல்லது இறங்கும். வருடக்கணக்காகத் தப்பிவந்த அந்தக் கூடு ஒரு சுற்றில் இறங்கிவிட்டது.

இலங்கையின் பெயரில் வானத்துக்குப் போன இராவணா-1 வேறு விதமாக முடிந்தது. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா என்ற இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த, ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் கூடிய பெட்டி அது. 2019 ஜூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். 400 கிலோமீற்றர் உயரத்திலும் காற்றின் கடைசி மிச்சம் இருக்கிறது. அது செய்மதியின் சக்தியைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்னும். விசித்திரம் என்னவென்றால், உராய்வு பட்ட செய்மதி மெதுவாகுவதில்லை, வேகம் கூடுகிறது. சக்தியை இழந்து தாழ்ந்த பாதைக்கு இறங்குகிறது. தாழ்ந்த பாதையில் வேகம் அதிகம். அங்கே காற்றும் அதிகம், இழப்பும் அதிகம். கடைசிச் சில நாட்களில் சறுக்கல் வீழ்ச்சியாகிவிடும். 2021 இல் இராவணா-1 எரிந்து போனது.

எங்கே நின்று பார்ப்பது

பி.எஸ்.எல்.வி. இன்னமும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்புகிறது. 440 கிலோமீற்றர் தூரத்துக்குப் பூமியின் வளைவு மறைப்பது கீழேயுள்ள 15 கிலோமீற்றரைத்தான். அதற்கு மேலே எழும்பிவிட்டால் கணக்குப்படி காரைநகரில் அது அடிவானத்துக்கு மேல். முதல் கட்டம் எரிந்து முடியும் நேரத்தில் வடக்கில் சற்றுக் கிழக்காக, ஏறத்தாழ எட்டுப் பாகை உயரத்தில் இருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்த முட்டியளவுக்குச் சற்றுக் குறைய. அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் பாதை கிழக்குப் பக்கம் உயர்ந்து, 30 பாகைக்குக் கிட்ட வரும். பகல் ஏவலில் எதையும் காண்பது கடினம். இரவிலோ, விடியலுக்கு முன்போ என்றால் வாய்ப்பு அதிகம். ஆனால் முடிவுவரை போகும் என்று உத்தரவாதம் இல்லை: 2025 மே 18 இல் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-61 இன் பயணம் மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து, வேண்டிய வேகத்தை எட்டாமல் கடலில் முடிந்தது.

காரைநகரின் வடகரை இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. கசூரினாக் கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு முன்னால், தண்ணீரோரம் நின்றால் வடக்கே கடலைத் தவிர எதுவும் இல்லை. கிழக்குப் பக்கத்தைத்தான் குடாநாட்டின் பனைகளும் வெளிச்சங்களும் கெடுக்கும். ஏவும் நாளையும் நேரத்தையும் இஸ்ரோ முன்கூட்டியே அறிவிக்கும். நவம்பர், டிசம்பரில் மழைமுகில் இருந்தால் போய் மினக்கெட வேண்டாம்.